புது ரேடியேட்டர் போட்டும் வண்டி ஹீட் ஆகிறதா? மலை ஏறும் முன் பார்க்க வேண்டியவை

கேரட், பீன்ஸ், உருளை, பூண்டு என எது விளைந்தாலும், கொடைக்கானல் மலை விவசாயிக்கு வண்டி இல்லாமல் வேலை நடக்காது. பள்ளங்கி, வில்பட்டி பக்கத்துக் காய்கறிகள் ஒட்டன்சத்திரம் சந்தைக்கோ வத்தலக்குண்டுக்கோ இறங்க வேண்டும். உரமும் விதையும் வீட்டுச் சாமானும் கீழிருந்து ஏறி வர வேண்டும். இறங்கும்போது சாதுவாக வரும் வண்டி, ஏறும்போதுதான் தன் குறையைக் காட்டும்.

பள்ளங்கி வாசகர் ஒருவரின் கேள்வி இதைப் பற்றியதுதான். ஒழுகிக்கொண்டிருந்த ரேடியேட்டரைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டியிருக்கிறார். ஆனாலும் பழனி சாலையில் சவரிக்காடு தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. சமவெளியில் ஓட்டினால் ஒரு தொல்லையும் இல்லை. 'புது ரேடியேட்டர் மட்டமான சரக்கா, வேலை சரியில்லையா, அல்லது இன்ஜினே போய்விட்டதா?' என்று கேட்கிறார்.

பெரும்பாலும் இந்த மூன்றுமே இருக்காது. ரேடியேட்டர் மாற்றியதும் வரும் சூட்டுக்கு முதல் காரணம் உள்ளே சிக்கிய காற்று. அடுத்தது, மாற்றாமல் விட்ட பழைய மூடியும் தெர்மோஸ்டாட்டும். இவை மூன்றையும் சரிபார்க்க ஆகும் செலவு மிகக் குறைவு. பார்க்காமல் சூட்டோடு ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, ஒரு போகத்து வருமானமே பட்டறைக்குப் போய்விடும். அதனால் செலவு குறைந்ததில் தொடங்கி வரிசையாகப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

மலையில் மட்டும் ஏன் கொதிக்கிறது?

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்பது கணக்கு. கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான்.

கார் இன்ஜின் வழக்கமாக 85 முதல் 95 டிகிரி சூட்டில் வேலை செய்யும். அப்படியானால் மலையில் எல்லா வண்டியும் கொதிக்க வேண்டுமே! கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி. குக்கரின் வெயிட் போல அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால், வெறும் தண்ணீர்கூட சமவெளியில் சுமார் 118 டிகிரி வரையும், கொடைக்கானல் உயரத்தில் சுமார் 115 டிகிரி வரையும் கொதிக்காது. மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் கசிந்தால், சமவெளியில் கிட்டத்தட்ட 99 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும் வண்டி, மலை உச்சியில் 93 டிகிரியிலேயே பொங்கிவிடும்.

'கீழே நல்லா ஓடுது, மேலே ஏறினா பொங்குது' என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று பாரம். ஏறும்போது இன்ஜின் முழுச் சக்தியையும் கொடுக்கிறது. வண்டியோ இரண்டாம் கியரில் மெதுவாகப் போகிறது. சூடு அதிகம், எதிர்க்காற்று குறைவு. சமவெளியில் வெளியே தெரியாத சின்னக் குறையும் கொண்டை ஊசி வளைவில் தெரிந்துவிடும்.

எப்போது ஹீட் ஆகிறது என்பதே பாதி விடை

பட்டறைக்குப் போகும் முன் வண்டி எந்த நேரத்தில் சூடாகிறது என்று குறித்துக்கொண்டால், தேடும் வேலை பாதியாகக் குறையும்.

• நின்றபடி ஓடும்போது சூடாகி, வேகமெடுத்ததும் முள் இறங்கினால், ஃபேனில் கோளாறு.

• சமதளத்தில் சரி, ஏற்றத்தில் மட்டும் ஹீட் என்றால் மூடி, அரைகுறையாகத் திறக்கும் தெர்மோஸ்டாட், வலுவிழந்த ஃபேன், அடைப்பு, அல்லது வண்டிக்குச் சின்னதான ரேடியேட்டர்.

• ஸ்டார்ட் செய்த ஐந்து, பத்து நிமிடத்திலேயே முள் எகிறினால் ஏர் லாக், மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட், அல்லது ஹெட் கேஸ்கெட்.

• முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடினால் உள்ளே காற்று இருக்கிறது.

• இன்ஜின் கொதிக்கிறது, ஆனால் காருக்குள் ஹீட்டர் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறது என்றால் கூலன்ட் குறைவு அல்லது ஏர் லாக்.

• ஆவி வருகிறது, முள் மட்டும் ஏறவில்லை என்றால் அதிக ஆபத்து. தண்ணீர் வற்றி, சென்சார் வெறும் காற்றில் இருக்கலாம். உடனே வண்டியை நிறுத்த வேண்டும்.

முதல் சோதனை: காற்று எடுப்பது

ரேடியேட்டரைக் கழற்றும்போது கூலன்ட் வடிந்து அந்த இடத்தில் காற்று புகுந்துவிடும். திரும்ப ஊற்றும்போது மேலே நிரம்பியதுபோல் தெரிந்தாலும், இன்ஜின் ஹெட்டிலும் ஹீட்டர் குழாயிலும் காற்று தங்கியிருக்கும். காற்று தங்கிய இடத்தில் சூட்டை எடுத்துச் செல்லத் தண்ணீர் இல்லை. தெர்மோஸ்டாட்டைச் சுற்றிக் காற்று நின்றால், அது சூட்டை உணராமல் மூடியே கிடக்கும். சொட்டுநீர்க் குழாயில் காற்று அடைத்துக் கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகாமல் நிற்பது போலத்தான் இதுவும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. வண்டியின் கையேட்டில் கூலன்ட் எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். கையேடு 5 லிட்டர் என்று சொல்லி, முழுதாக வடித்த பிறகு மூன்றரை லிட்டர்தான் உள்ளே போயிருக்கிறது என்றால், மீதி இடத்தில் காற்றோ பழைய நீரோ இருக்கிறது என்று அர்த்தம்.

காற்று எடுக்கும் முறை இது:

1. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் முதல் வேலையாகச் செய்வது நல்லது.

2. மூடி இருக்கும் முன்பக்கம் மேலே இருக்கும்படி, சரிவான இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். கைப்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வைக்க வேண்டும். மலை ஊரில் சரிவுக்குப் பஞ்சமில்லை.

3. காருக்குள் ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்க வேண்டும். ஃபேன் குறைந்த வேகத்தில் இருந்தால் போதும். இது ஹீட்டர் குழாயின் வழியைத் திறந்துவிடும். ஏசி ஆஃப்.

4. மூடியைத் திறந்து கூலன்டை மெதுவாக ஊற்ற வேண்டும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் குமிழ் வெளியே வரும். காற்று எடுக்கும் திருகு இருக்கும் வண்டியில் அதைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் கூலன்ட் வந்ததும் இறுக்க வேண்டும்.

5. மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கில் விட வேண்டும். மட்டம் குறையக் குறைய ஊற்ற வேண்டும். முகத்தை மூடிக்கு நேராக வைக்கக் கூடாது.

6. தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும்; கீழ் ஹோஸும் சூடாகும். மீண்டும் நிரப்பி, குமிழ் நின்றதும் மூட வேண்டும். கூலன்ட் பொங்கி வரத் தொடங்கினால் இன்ஜினை அணைத்து, ஆறவிட்டுத்தான் தொடர வேண்டும்.

7. ரிசர்வ் டேங்கை இரண்டு கோடுகளுக்கு இடையில் நிரப்ப வேண்டும். சிறிது தூரம் ஓட்டி, முழுக்க ஆறிய பிறகு மட்டத்தைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் மறுபடி ஊற்ற வேண்டும். இப்படி இரண்டு, மூன்று முறை ஆகலாம்.

சில புதிய கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. வெள்ளை பிளாஸ்டிக் டேங்கின் மூடியே அழுத்தம் தாங்கும் மூடி. அவற்றுக்குக் கையேட்டில் சொன்ன முறையைப் பின்பற்ற வேண்டும்.

இரண்டாவது: மூடி

மூடியின் மேல் 0.9, 1.1 என்றோ, 88, 108 என்றோ எண் இருக்கும். முதல் வகை பார் கணக்கு. இரண்டாவது கிலோ பாஸ்கல். கையேட்டில் சொன்ன எண்ணே இருக்க வேண்டும். அதிக எண் போட்டால் நல்லது என்று நினைத்து மாற்றினால் பழைய ஹோஸும் ஹீட்டர் குழாயும் வெடிக்கலாம்.

புது ரேடியேட்டரின் வாய்க்குப் பழைய மூடி பொருந்துகிறதா என்பதும் முக்கியம். மூடியின் உள்தண்டு குட்டையாக இருந்தால், மேலே இறுக்கமாகத் தெரிந்தாலும் உள் ரப்பர் அடியில் படியாது, அழுத்தம் நிற்காது. ரப்பர் வெடித்தோ, ஸ்பிரிங் துருப்பிடித்தோ இருந்தால் யோசிக்காமல் மாற்ற வேண்டும். புது ரேடியேட்டரோடு புது மூடி என்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

மூடியின் நடுவில் சின்ன வால்வு ஒன்று உண்டு. இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்டைத் திரும்ப உள்ளே இழுக்க விடுவது இதுதான். இது ஒட்டிக்கொண்டால், ஆறிய பிறகு ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். டேங்குக்குப் போகும் சின்ன டியூப் கழன்றோ விரிசல் விட்டோ இருந்தாலும் கூலன்டுக்குப் பதில் காற்றே உள்ளே போகும். காற்று எடுத்த வண்டியில் மறுநாள் மறுபடி காற்று சேர்வதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது: தெர்மோஸ்டாட்

இன்ஜின் சூடாகும் வரை மூடியிருந்து, பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும் கதவு இது. சோதிப்பது எளிது. கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்கினால் கதவு விரிவது கண்ணுக்குத் தெரியும். திறக்கவே இல்லை, அல்லது அரைகுறையாகத் திறக்கிறது என்றால் மாற்ற வேண்டும். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஆடும் சிறு ஊசி இருந்தால், மாட்டும்போது அது மேல்பக்கம் வர வேண்டும். காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது மலைப் பகுதியில் பரவலான வழக்கம். கொடைக்கானல் குளிரில் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது. டீசல் அதிகம் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும். அது தற்காலிக வழிதானே தவிர, தீர்வு இல்லை.

ஃபேன், ஹோஸ், ரேடியேட்டர்

மின்சார ஃபேன் உள்ள வண்டியில், ரேடியேட்டர் மாற்றும்போது கழற்றிய பிளக்கைத் திரும்ப மாட்டினார்களா என்று பார்க்க வேண்டும். வயர் மாறியிருந்தால் ஃபேன் எதிர்த் திசையில் சுற்றி, முன்னாலிருந்து வரும் காற்றைத் தடுக்கும். ஃபேன் ஓடும்போது ரேடியேட்டரின் முன்னால் ஒரு தாளைக் காட்டினால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும்; பறந்தால் திசை தவறு. பிக்கப், ஜீப் வகைகளில் பெல்ட்டில் சுற்றும் ஃபேன் இருந்தால், அதன் நடுவிலுள்ள கிளட்ச் பழுதானால் ஏற்றத்தில் காற்று போதாது. ஃபேன் கவரை 'இடிக்கிறது' என்று கழற்றி வீசிவிடுவதும் உண்டு. கவர் இல்லாத ஃபேன், ரேடியேட்டர் முழுவதிலும் காற்றை இழுக்காது.

கீழ் ஹோஸ் பழையதாக இருந்தால், இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது வாட்டர் பம்பின் உறிஞ்சலில் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஐட்லிங்கில் நன்றாகத் தெரியும் ஹோஸை ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

ரேடியேட்டரே குறை என்றால், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உயரம், அகலம் ஒன்றாக இருந்து தடிமன் குறைந்திருக்கலாம். ஒரே மாடலில் ஏசி உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் ரேடியேட்டர் வேறுபடுவதுண்டு. பழையதைக் கடையில் கொடுக்கும் முன் இந்த ஒப்பீட்டைச் செய்துவிட வேண்டும். ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அப்பியிருக்கும் சேற்றையும் சருகையும் எடுத்தார்களா என்பதையும் கேட்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தால், பம்பின் இறக்கை தேய்ந்திருக்கிறதா, பெல்ட் நழுவுகிறதா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஹெட் கேஸ்கெட்

பழைய ரேடியேட்டர் ஒழுகியபோது வண்டி ஒருமுறையாவது கடுமையாகக் கொதித்திருந்தால், கேஸ்கெட் அப்போதே போயிருக்கலாம். அறிகுறிகள்: ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்ததும் நிற்காமல் வரும் குமிழ், ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே கல் போல இறுகும் மேல் ஹோஸ், எங்கும் ஒழுகாமலேயே குறையும் கூலன்ட், சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஆயிலில் பால் கலந்தது போன்ற நிறம். இந்தச் சந்தேகம் இருந்தால் பட்டறையில் இரண்டு சோதனைகளைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, கைப்பம்பில் அழுத்தம் கொடுத்து ஒழுக்கு பார்ப்பது. மற்றொன்று, கூலன்டில் புகைவாயு கலந்தால் நிறம் மாறும் நீலத் திரவச் சோதனை. இவற்றைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்க வேண்டியதில்லை.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

'அண்ணே, எத்தனை லிட்டர் உள்ளே போச்சு? காத்து எடுத்தாச்சா? மூடி புதுசா பழசா? தெர்மோஸ்டாட்டை வெந்நீர்ல போட்டுப் பார்த்தீங்களா? ஃபேன் தானா ஓடி தானா நிக்குதா?' என்ற ஐந்து கேள்விகள் போதும். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வேலை முடிந்ததும் நேராக லோடு ஏற்றக் கூடாது. முதலில் வெறும் வண்டியில் பக்கத்து ஏற்றம் ஒன்றில் ஏறி இறங்கி, ஆறவிட்டு மட்டம் பார்க்க வேண்டும். இரண்டு நாள் மட்டம் குறையாமல் நின்றால் பாரம் ஏற்றலாம்.

வழியில் ஹீட் ஆனால்

முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகப் போட்டு, அகலமான இடத்தில் ஒதுங்க வேண்டும். ஆவியோ ஒழுக்கோ இல்லையென்றால் ஐட்லிங்கில் விட்டு முள் இறங்குகிறதா என்று பார்க்கலாம். ஆவி வந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் நீர் மூடி திறந்த நொடியில் ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். கொதிக்கும் இன்ஜினில் ஓடைத் தண்ணீரைச் சட்டென ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

இறக்கத்தில் 'இன்ஜின் ஆறட்டும்' என்று அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டுவது உயிருக்கே ஆபத்து. இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்கான துணைச் சக்தி போய்விடும். இன்ஜின் பிரேக்கும் இருக்காது.

வாசகர் கேள்விகள்

*ஓடைத் தண்ணீர், போர்த் தண்ணீர் ஊற்றலாமா?*

அவசரத்துக்கு ஊற்றலாம், வழக்கமாக்கக் கூடாது. ஓடை நீரில் மண் உண்டு. சமவெளிப் போர் நீரில் உப்பு உண்டு. இரண்டும் குழாய்களில் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி கலப்பது பொதுவான அளவு. இந்தக் கலவை தண்ணீரைவிடத் தாமதமாகக் கொதிக்கும். மார்கழி, தை உறைபனியிலும் உறையாது. 'கலந்தது' என்று எழுதிய கூலன்டில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. வெவ்வேறு வகைக் கூலன்டுகளையும் கலக்கக் கூடாது. பூச்சிமருந்து கேனில் தண்ணீர் பிடித்து ஊற்றவே கூடாது.

*ஒழுக்கை நிறுத்த மஞ்சள்தூள் போடலாமா?*

சின்ன ஓட்டையை அது கொஞ்ச நேரம் அடைக்கும். அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் அடைக்கும். முன்பு போட்டிருந்தால், புது ரேடியேட்டர் மாட்டும் முன் இன்ஜின் பக்கத்தைச் சுத்தமான தண்ணீரால் பலமுறை அலச வேண்டும். இல்லையென்றால் பழைய கசடு புதியதில் வந்து சேரும்.

*பவர் ஸ்பிரேயரால் ரேடியேட்டரைக் கழுவலாமா?*

கூடாது. அந்த வேகத்தில் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றுப் போகும் வழி அடைபடும். சாதாரண ஹோஸ் தண்ணீரை, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாக விட்டால் போதும்.

*வடித்த பழைய கூலன்டை என்ன செய்வது?*

ஓடையிலும் வயலிலும் ஊற்றக் கூடாது. பெரும்பாலான கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். மாடும் நாயும் நக்கிக் குடித்தால் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடும். மூடியுள்ள கேனில் பிடித்து, பெயர் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும். தரையில் சிந்தியதை மண் போட்டு உறிஞ்சி அள்ளிவிட வேண்டும்.